கிளீனர் சைடு, கீழிருந்து

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு நந்தினி போனில் அழைத்தார். போர்வெல் ரிக் வண்டி செய்யும் கம்பெனியில், நான் முப்பத்து மூன்று ஆண்டு உட்கார்ந்திருந்த வரைபடப் பிரிவில், இப்போது என் நாற்காலியில் இருப்பவர் அவர். அவர் ஊர் அயோத்தியாப்பட்டணம். நான் ஓய்வு பெற்ற ஏழு மாதத்தில் இது நான்காவது அழைப்பு. முதல் மூன்றும் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்காக வந்தவை. இந்த முறை கேட்டது வேறு.

"சார், புது சாஃப்ட்வேர் வருது. டெம்ப்ளேட் ஃபைல்ல தேவையில்லாத வியூவெல்லாம் எடுத்துடச் சொல்லிட்டாங்க. அதுல 'சௌந்தர் சார்'னு உங்க பேர்லயே ஒண்ணு இருக்கு. அது ஃப்ரண்ட்டும் இல்ல, டாப்பும் இல்ல. அடியில படுத்துக்கிட்டு ஏதோ ஒரு மூலைய எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு. ஏன் சார் அப்படி?"

"அங்கமுத்துகிட்டக் கேட்டயாம்மா?"

"கேட்டேன் சார். சிரிச்சாரு. 'அது அவுரு வியூ சாமி, அவுரையே கேளு'ன்னுட்டுப் போயிட்டாரு."

"அது போன்ல சொல்ற கதை இல்லம்மா" என்றேன். நந்தினி, "கம்பெனி ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுக் கடிதம் போட்டு நாலு மாசம் ஆச்சு. இதையே எழுதிக் குடுத்துடுங்க சார். படிச்சிட்டு, நல்லா இருந்தா வியூவ விட்டுடறேன். இல்லன்னா டெலீட்" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் தினமும் டைரி எழுதுகிறேன். வந்த நேரம், போன நேரம், எந்த ஷீட், யார் என்ன சொன்னார்கள், எல்லாம் அதில் இருக்கும். வெண்ணந்தூர் வீட்டில் மரப்பெட்டி ஒன்று நிறைய அவை இருக்கின்றன. ஒரே ஒரு நாள் தவிர மற்ற எந்த நாளைப் பற்றியும் அவற்றை நம்பிச் சாட்சி சொல்லலாம். அந்த ஒரு நாளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

சேலத்தில் ஐ.டி.ஐ. வரைவாளர் படிப்பு இரண்டு ஆண்டு. மை பேனா, டி-ஸ்கொயர், டிரேசிங் பேப்பர், பிளேடால் சுரண்டித் திருத்துவது. திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவே இருக்கும் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது பயந்தேன், பழகினேன். முப்பரிமாண மாடல் வந்தபோது பயப்படவில்லை. ஆறு மாதத்தில் பிரிவிலேயே வேகமானவன் ஆனேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

நந்தினிக்குத் தெரியும், ஆனால் மலரைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியாது என்பதால் வியூ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள் ரிக் வண்டி முழுதாக இருக்கும். ஒவ்வொரு போல்ட்டும் இருக்கும். அதை எந்தப் பக்கமும் திருப்பலாம், கிட்டே இழுக்கலாம், தள்ளலாம், வேண்டாத பாகத்தை மறைக்கலாம். இந்தக் கோணம், இந்தத் தூரம், இன்னின்ன பாகம் மறைந்திருக்கும் என்று முடிவு செய்து, ஒரு பெயர் கொடுத்துச் சேமித்து வைத்தால் அது வியூ. பெயரை அமுக்கினால் வண்டி தானாகச் சுழன்று அந்தக் கோணத்தில் வந்து நிற்கும். ஷீட்டில் அச்சாகி ஒர்க்‌ஷாப்புக்குப் போவது இந்த வியூக்கள்தான். கீழே இருப்பவர்கள் அவற்றைப் பார்த்துத்தான் வண்டியை மாட்டுவார்கள்.

என் ஷீட்டுகள் சுத்தமாக இருக்கும். முன்பக்கம், மேற்பக்கம், வலப்பக்கம், வெட்டுத் தோற்றம், அளவுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல். பாடப் புத்தகத்தில் வைக்கலாம்.

எங்கள் தலைமை வடிவமைப்பாளர் சுப்பராயன் சார். காலை ஒன்பது ஐந்துக்கு வருவார். முடிந்த ஷீட்டை அவர் மேசையில் வைத்துப் பார்க்கமாட்டார். ஜன்னலோரம் எடுத்துப் போய்த் தலைகீழாகப் பிடிப்பார். "நேராப் பாத்தா மூளை தானா நெரப்பிக்கும். தலகீழாப் பாத்தாத்தான் இல்லாதது தெரியும்" என்பார். கையில் சிவப்புப் பேனா மூடி கழற்றித் தயாராக இருக்கும். தப்பு இருந்தால் ஒரு வட்டம் போடுவார். என்ன தப்பு என்று சொல்லமாட்டார், நாமே கண்டுபிடிக்க வேண்டும். தப்பு இல்லையென்றால் பேனாவை மூடிப் பைக்குள் செருகுவார். அந்த மூடி மாட்டும் 'டிக்' சத்தம்தான் எங்களுக்குப் பாராட்டு. நல்லது என்று அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. பத்தொன்பது ஆண்டு நான் அந்த 'டிக்'கைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன், அங்கமுத்து மாடியேறி வரும்வரை.

அங்கமுத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முதுகுத் தண்டில் டிஸ்க் நகர்ந்துவிட்டது, இனி எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல் எங்கள் பிரிவுக்கு அனுப்பினார். "மவுஸ் புடிக்கக் கத்துக் குடுங்க சௌந்தர், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் சுப்பராயன் சார். கத்துக் கொடுத்தேன். முதல் வாரம் மவுஸை ஸ்பேனர் போல இறுக்கிப் பிடித்தார். நான் உள்ளுக்குள் சிரித்தேன் என்பதையும் டைரியில் எழுதியிருக்கிறேன்.

மூன்றாம் மாதம் அவர் சேமித்து வைத்த வியூக்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். 'டிரைவர் சைடு', 'கிளீனர் சைடு', 'பின்னாடி நின்னு', 'படுத்துப் பாக்கறது'.

"இதென்னங்க பேரு? வலப்பக்கம் இடப்பக்கம்னுதான் போடோணும். ஒரு முறை இருக்குதில்லீங்க?" என்றேன்.

"சார், கீழ நிக்கறவனுக்கு வலது எது எடதுங்க? வண்டிக்கு முன்னாடி நின்னா ஒண்ணு, பின்னாடி நின்னா ஒண்ணு. டிரைவர் எங்க உக்காருவான்னா எவனும் தப்பாச் சொல்லமாட்டானுங்க."

"சரி, இந்தப் 'படுத்துப் பாக்கறது'?"

"ஹோஸ் மாட்டறவன் சேசிஸுக்கு அடியில சாக்கு விரிச்சு மல்லாக்கப் படுத்துத்தானுங்க மாட்டறான். நீங்க மேலேருந்து பாத்த படத்தக் குடுத்தா, அவன் படுத்துக்கிட்டே மனசுக்குள்ள வண்டியத் திருப்பிப் போடோணும். அதான் அவன் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே வெச்சுட்டனுங்க."

வண்டியின் அடியைக் கீழிருந்து காட்டும் வியூ எனக்கும் போடத் தெரியும். இரண்டு முறை சொடுக்கினால் போதும். பத்தொன்பது ஆண்டில் எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்த வாரம் ஃபிட்டர் குழந்தைவேலு மேலே வந்தான். எங்கள் அறைக்குள் கிரீஸ் கையோடு யாரும் வரமாட்டார்கள். கதவருகே நின்று, "அங்கமுத்தண்ணன் போட்ட ஹோஸ் ஷீட்டு இன்னொரு காப்பி வேணுமுங்க, கறையாயிப் போச்சு" என்றான்.

"நான் போட்ட ஜாக்கி ஷீட்டு இருக்குதா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"இருக்குதுங்க சார். நாலா மடிச்சு முட்டிக்கு வெச்சுக்கிட்டு ஒக்காந்து வேல பாக்கறமுங்க. நல்ல தடிப்புங்க, எதமா இருக்குது."

அறையே சிரித்தது. அங்கமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "போடா, வாயப் பாரு" என்று அவனை அதட்டினார். அதுதான் எனக்கு மேலும் எரிந்தது.

அதே மாதம் அங்கமுத்து தன் ஷீட்டைச் சுப்பராயன் சாரிடம் கொண்டுபோனார். சார் ஜன்னலோரம் போனார். வழக்கம்போல் தலைகீழாகத் திருப்பப் போனவர் நிறுத்தினார். ஷீட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, கழுத்தை அண்ணாந்து, மல்லாந்து படுத்தவர் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு, "அட" என்றார்.

அன்றைய டைரியில் ஒரே வரி இருக்கிறது: 'சு. அவர்கள் அ.வைப் பார்த்து "அட" என்றார்.' பேருந்தில் வெண்ணந்தூர் வரும்வரை அந்த ஒரு சொல்லை நினைத்துக்கொண்டே வந்தேன். மல்லசமுத்திரத்தில் ஏறிய தெரிந்தவர் ஒருவர் மகள் கல்யாணம் பற்றிச் சொன்னார்; என்ன சொன்னார் என்று நினைவில்லை.

பொறாமை என்று அதற்கு நான் அப்போது பெயர் வைக்கவில்லை. ஒழுங்கு என்று வைத்தேன். அங்கமுத்து தன் வியூக்களில் படம் தெளிவாகத் தெரிவதற்காகப் பல பாகங்களை மறைப்பார். ஹோஸ் தெரிய வேண்டுமென்றால் டேங்கை மறைப்பார். அது ஆபத்து என்று சொல்லி ஒரு விதி எழுதினேன். எந்த வியூவில் எந்தப் பாகம் மறைந்திருக்கிறது என்று மஞ்சள் நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஷீட்டைச் சரிபார்ப்பவர், மறைந்த எல்லாவற்றையும் ஒரு முறை தெரியவைத்து, ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று சுற்றிப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். சரிபார்ப்பவன் நான்தான்.

விதி நல்ல விதி. ஆனால் அதை எழுதும்போது அவர் வேகம் குறையட்டும் என்பதுதான் என் மனதில் இருந்தது. அவரோ, "நல்ல ரோசனைங்க சார், எனக்குத் தோணல பாருங்க" என்று சொல்லி, அன்றே பழைய வியூக்களுக்கெல்லாம் உட்கார்ந்து மஞ்சள் நோட்டை எழுதி முடித்தார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

புதிய மாடல் ரிக் ஒன்றுக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. வண்டியின் பின்பக்கம் இரண்டு ஜாக்கிகள். போர் போடும்போது வண்டியைத் தூக்கி நிறுத்துபவை அவைதான். அவற்றுக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஹோஸ்களின் ஷீட் அங்கமுத்துவுடையது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் சுப்பராயன் சார் எல்லோரையும் பார்த்து, "இனிமேல் எந்த ஷீட்டா இருந்தாலும் அங்கமுத்து போடற அந்த அடி வியூ ஒண்ணு இருக்கோணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சௌந்தர், நீங்களும் அவருகிட்டக் கேட்டுப் பழகிக்குங்க" என்றார். மவுஸ் பிடிக்கக் கத்துக் கொடுத்தவனைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் செவ்வாய், காலை பதினொன்று இருபது. ஹோஸ் ஷீட் சரிபார்க்க என்னிடம் வந்தது. மாடல் ஃபைலைத் திறந்தேன். 'படுத்துப் பாக்கறது' வியூவில் ஹைட்ராலிக் டேங்கும் அதைத் தாங்கும் பிராக்கெட்டும் மறைந்திருந்தன. மஞ்சள் நோட்டிலும் அப்படியே எழுதியிருந்தார். என் விதிப்படி எல்லாவற்றையும் தெரியவைத்தேன். வண்டியைத் திருப்பினேன். கிளீனர் சைடு, பின்னால், கீழிருந்து கொஞ்சம் கோணலாக. பிராக்கெட்டின் விளிம்பு ஹோஸுக்குள் புகுந்து நின்றது. கிட்டே இழுத்து அளந்தேன். ஆறு மில்லிமீட்டர்.

மாடலில் இப்படிப் புகுந்து நிற்கும். நிஜ வண்டியில் புக முடியாது. ஹோஸ் ரப்பர், வளைந்து கொடுக்கும். ஆனால் பிராக்கெட்டின் வெட்டு விளிம்பு அதை அழுத்திக்கொண்டே இருக்கும். கம்ப்ரஸர் ஓடும்போது வண்டி முழுக்க அதிரும். விளிம்பு ரம்பம்போல் அறுக்கும். ஜாக்கி ஹோஸுக்குள் எண்ணெய் எந்த அழுத்தத்தில் ஓடுகிறது என்று ரிக் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். ஊசித் துளை விழுந்தால் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலை, கையை வெட்டி எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு.

இதெல்லாம் அந்த நிமிடமே எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாது என்று எழுதினால் இன்னொரு பொய்யாகும்.

நான் நினைத்தது இதுதான்: கீழே மாட்டும்போது எப்படியும் தெரிந்துவிடும். குழந்தைவேலு மேலே வந்து கத்துவான். எல்லோர் முன்னாலும் அங்கமுத்து விழிப்பார். சுப்பராயன் சார் அந்த ஷீட்டைத் தலைகீழாகப் பிடித்து வட்டம் போடுவார். ஒரே ஒரு வட்டம். அது போதும் எனக்கு. சரிபார்த்தவன் பெயரும் அதே ஷீட்டில் இருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இவ்வளவு ஒழுங்கானவனுக்கு அது உறைக்கவில்லை.

கையெழுத்திட்டேன். பழக்கப்படி ஃபைலைச் சேமித்து மூடினேன். அன்றைய டைரி: 'பதினொன்று இருபது, ஹோஸ் ஷீட் சரிபார்த்தேன். பதினொன்று இருபத்தாறு, கையெழுத்து.' அவ்வளவுதான். அளவு இல்லை.

குழந்தைவேலு வரவில்லை. ஒவ்வொரு நாளும் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பேன். ஐந்தாம் நாள் நானே கீழே போனேன். ஹோஸ்கள் மாட்டி, கிளாம்ப் இறுக்கி, மேலே டேங்கும் ஏற்றிவிட்டிருந்தார்கள். டேங்கைக் கடைசியில் மேலிருந்து இறக்குவார்கள். அது உட்கார்ந்துவிட்டால் அந்த மூலை கண்ணுக்குத் தெரியாது.

"பின் ஜாக்கி ஹோஸ்ல ஒண்ணும் தொந்தரவு இல்லையா?" என்று கேட்டேன்.

"அங்கமுத்தண்ணன் ஷீட்டுங்க சார். கண்ண மூடிட்டு மாட்டலாமுங்க" என்றான் குழந்தைவேலு.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் திரும்பிப் படியேறி என் இருக்கைக்குப் போய்விட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு யார்டில் சோதனை ஓட்டம். கம்ப்ரஸர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது. ஜாக்கிகளை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அலுவலகப் படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றிருந்தேன். அங்கமுத்து ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வந்தார். முதுகு வலி இருக்கிற மனிதர், முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டே குனிந்து சாக்கை விரித்து, மெல்ல மல்லாந்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார். ஃபிட்டராக இருந்த காலத்துப் பழக்கம்: ஓட்டத்தில் இருக்கும்போதே ஹோஸ் ஹோஸாக விரலால் தடவிக்கொண்டு போவார், எண்ணெய் கசிகிறதா என்று. விரலுக்குப் பதில் காகித அட்டையைப் பிடித்துத்தான் கசிவு பார்க்க வேண்டும் என்று சுப்பராயன் சார் எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். "அட்டைக்குத் தெரியாதுங்க, வெரலுக்குத் தெரியும்" என்பார்.

டிரைவர் சைடில் தொடங்கினார். முட்டி வரை கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளீனர் சைடுக்கு நகர்ந்தன. பின்பக்கம் போயின.

நான் ஓடினேன். ஐம்பதடி இருக்கும். "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு" என்று கத்தினேன், ஆபரேட்டருக்குக் கேட்கவில்லை. அவனைத் தள்ளிவிட்டு நிறுத்தும் கைப்பிடியை நானே இழுத்தேன். இரைச்சல் அடங்க எவ்வளவோ நேரம் ஆனதுபோல் இருந்தது.

வண்டிக்கு அடியிலிருந்து அங்கமுத்து குரல் வந்தது. "ஏனுங்க சார், என்ன ஆச்சுங்க?"

"வெளிய வாங்க. கிளீனர் சைடு பின் ஜாக்கி ஹோஸத் தொடாதீங்க. கைய எடுத்துட்டு வெளிய வாங்க."

"இன்னும் தொடலீங்க. அதுக்குத்தான் போயிட்டிருந்தன்."

அழுத்தத்தை இறக்கிவிட்டு, டேங்கைக் கழற்றித் தூக்கினார்கள். ஹோஸின் மேல் ரப்பர் கிழிந்து, உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் வெள்ளையாகத் தெரிந்தது. பின்னலிலும் நான்கைந்து இழை அறுந்திருந்தன. குழந்தைவேலு குனிந்து பார்த்துவிட்டு, "அட சாமி, இன்னும் நாலு வாட்டி ஏத்தி எறக்கியிருந்தா அண்ணன் கை..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டான்.

சுப்பராயன் சார் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"காலைல மறுபடி ஃபைலத் தொறந்து பாத்தேனுங்க. மனசுக்கு ஒப்பல."

"சரிபாக்கறப்பத் தெரியலியா?"

"அப்பத் தவற விட்டுட்டேனுங்க." சின்னத் தப்பை ஒப்புக்கொண்டு பெரிய தப்பை மறைத்தேன்.

"தப்பு என்னோடதுங்க" என்றார் அங்கமுத்து. சட்டை முழுக்க மண். "பிராக்கெட்ட மறச்சு வெச்சுட்டு ஹோஸ ஓட்டுனது நானு. சார் பாக்கலீன்னா எனக்குக் கை இல்லீங்க."

சுப்பராயன் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அட, சௌந்தர்" என்றார்.

எத்தனை ஆண்டு காத்திருந்த சொல் அது. அதை அன்று டைரியில் எழுதவில்லை.

அங்கமுத்து அன்று மதியமே ஹோஸின் வழியைத் திருத்த உட்கார்ந்தார். சாயந்திரம் வரை எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதற்கு, "நீங்க போங்க, வாரேன்" என்றவர் வரவில்லை. பாவம், தப்புக்கு வருந்துகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். ஒவ்வொரு புது வண்டிக்கும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் டெம்ப்ளேட் ஃபைலில் புதிதாக ஒரு வியூ சேர்த்திருப்பதாகச் சொன்னார். அதை அமுக்கினால் மறைந்த பாகம் எல்லாம் தெரியும். "இனி எந்த ஷீட்டா இருந்தாலும் கீழ போறதுக்கு முன்னாடி ஒருக்கா சௌந்தர் சார அமுக்கோணுமுங்க. அமுக்காம யாரும் கையெழுத்துப் போடக் கூடாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. என் பெயரில் ஒரு வியூ, இனி செய்யப்போகும் ஒவ்வொரு ரிக்கிலும்.

இருக்கைக்குத் திரும்பி, டெம்ப்ளேட்டைத் திறந்து என் பெயரை அமுக்கினேன்.

வண்டி சுழன்றது. மறைந்திருந்தவை ஒவ்வொன்றாகத் தோன்றின. எல்லாவற்றையும் காட்டும் வியூ என்றால் யாரும் முழு வண்டியும் தெரியும்படிதான் வைப்பார்கள். இது சுழன்றுகொண்டே கீழே இறங்கியது, பின்பக்கம் போனது, கிளீனர் சைடில் ஒரு மூலையை நெருங்கி, கோணலாக நின்றது. திரையின் வலது ஓரத்தில் பிராக்கெட்டின் விளிம்பு பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது.

அந்தக் கோணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கையால் உருட்டி உருட்டி, ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்கு மேல் நான் கொண்டுவந்து நிறுத்திய கோணம் அது. அதே தூரம், அதே சாய்வு.

மாடல் ஃபைல் கடைசியாக எப்படிச் சேமிக்கப்பட்டதோ அப்படியேதான் அடுத்த முறை திறக்கும். நான் அளந்துவிட்டு, பழக்கத்தில் சேமித்து மூடியிருந்தேன். சோதனை ஓட்டம் முடிந்த மதியம் அங்கமுத்து திறந்தபோது, திரையில் முதலில் வந்து நின்றது அந்த மூலைதான். எல்லாப் பாகமும் தெரிய, இடிக்கும் இடம் நடுவில். சேமித்த நேரமும் சேமித்தவர் பெயரும் ஃபைலிலேயே இருக்கும். நான் காலையில்தான் பார்த்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னதை அவர் கேட்டிருந்தார். அவர் சாப்பிட வராததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தலையை நிமிர்த்தினேன். இரண்டு மேசை தள்ளி அவர் தன் திரைக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்குதுங்களா சார்?"

"சரியா இருக்குதுங்க."

அந்த விஷயத்தில் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதின்மூன்று ஆண்டு ஒரே அறையில் இருந்தோம். ஒரு தீபாவளி தவறாமல் வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுவந்து தந்தார். சண்டையோ குத்தலோ கிடையாது. சுப்பராயன் சார் ஓய்வு பெறும்வரை அவரிடம் ஒரு வார்த்தை போகவில்லை. ஆனால் ஒவ்வொரு ஷீட்டிலும் கையெழுத்திடும் முன் என் பெயரை நானே அமுக்கி, வண்டி சுழன்று இறங்கி அந்த மூலையில் போய் நிற்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. அது அவர் எனக்குக் கொடுத்த தண்டனையா, மன்னிப்பா என்று சுப்பராயன் சாரைப் போலத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்ததும் சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரம் தந்து அனுப்பினார்கள். அறுபது வயது அங்கமுத்துவை, இன்னும் இரண்டு ஆண்டு இருங்கள் என்று கேட்டு வைத்திருக்கிறார்கள். அதிலும் எனக்குப் பொறாமை இருக்கிறது, இல்லையென்று எழுதமாட்டேன். அதைவிடப் பெரிய பொறாமை ஒன்றும் உண்டு. கையில் அப்படி ஒரு விஷயம் கிடைத்தும் அதை ஒருமுறைகூட எடுத்து வீசாமல் இருக்க அவரால் முடிந்தது. என் கையில் கிடைத்தபோது ஆறு நிமிடம் என்னால் முடியவில்லை.

இந்தக் கட்டுரையை அனுப்பும் முன் அவருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. நேற்று மாலை ஐந்து பத்துக்குப் போன் செய்து, முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன். அவர் வீட்டுப் பக்கம் ஏதோ லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. படித்து முடித்தேன்.

"முட்டிக்கு ஷீட்டு வெச்சதையெல்லாம் எதுக்குங்க எழுதறீங்க? குழந்தைவேலு இப்ப ஃபோர்மேனுங்க" என்றார் முதலில்.

"மத்தபடி சரியா இருக்குதுங்களா?"

"எல்லாஞ் சரிங்க சார். ஆனா ஆறு மில்லி இல்லீங்க. எட்டு."

"ஆறுங்க. நான் அளந்தனே."

"நானும் அளந்தனுங்க."

மரப்பெட்டியைத் திறந்து அந்த ஆண்டு டைரியை எடுத்துப் பார்த்தேன். அன்று அளவை எழுதாமல் விட்டவன் நான்தான். அவரோடு வாதாட என்னிடம் எதுவும் இல்லை.

அதனால் மேலே ஆறு என்று எழுதியிருப்பதை நான் திருத்தவில்லை. நந்தினி, இது அச்சுக்குப் போகும் முன், அந்தப் பழைய ஃபைலில் திருத்துவதற்கு முந்தைய பிரதியைத் திறந்து நீயே ஒரு முறை அளந்து, எது சரியோ அதைப் போட்டுவிடு. டெம்ப்ளேட்டில் இருக்கும் வியூவை அதில் ஏற்றிக்கொண்டால் போதும், அந்த இடம் எந்தக் கோணத்தில் தெரியும் என்று தேட வேண்டாம். என் பெயரை அமுக்கு.